ஒழுகும் பழைய பாய்மரப் படகுக்கு பியூட்டைல் டேப்: ஒரு சியாட்டில் மழைக்காலம் தாங்கியதா?

பழைய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு வாங்கியிருக்கிறேன், முதலில் எதில் செலவு செய்யலாம் என்று யாராவது கேட்டால் புதுப் பாய், ஜிபிஎஸ் இதையெல்லாம் சொல்ல மாட்டேன். கசிவை அடைக்கும் பியூட்டைல் டேப் ஒரு ரோல் வாங்குங்கள் என்பேன். சாம்பல் நிறம், அரை அங்குல அகலம், ஒட்டாத தாளோடு சுருட்டி வரும். நான் வாங்கியது பெட்-இட் என்ற பெயரில் விற்பது. 50 அடி ரோல், 20 டாலர் சுமார் ஆனது. அதைப் போட்ட பிறகு ஒரு முழு மழைக்காலம் கடந்துவிட்டதால் இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

படகு 1984ஆம் ஆண்டு கேட்டலீனா 22. இருபத்தொன்றரை அடி நீளம். ஃபிராங்க் பட்லர் 1969 வாக்கில் கலிஃபோர்னியாவில் கொண்டுவந்த வடிவம் இது. 15,000க்கு மேல் கட்டியிருக்கிறார்கள் என்பதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமே இல்லை. அடியில் 550 பவுண்டு இரும்புக் கீல் (படகைச் சாயாமல் நிறுத்தும் அடித்துடுப்பு), வின்ச்சைச் சுற்றினால் மேலே ஏறிக்கொள்ளும். கேபினில் குனிந்துதான் நடக்க வேண்டும், ஆனால் நாங்கள் மூன்று பேரும் இரவு தங்க இடம் உண்டு. மூவாயிரம் டாலருக்குள் கிடைத்தது. விலை குறைவுக்குக் காரணம் உள்ளே தலையை நீட்டியதுமே தெரிந்தது: ஈரவாடை, மெத்தைகளில் கறுப்புப் பூஞ்சை, இடது பக்கப் படுக்கைக்கு அடியில் பழுப்புத் தண்ணீர். மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சியாட்டில் என்றால் மழை என்று பெயராகிவிட்டது. அளவை எடுத்துப் பார்த்தால் சென்னையில்தான் அதிகம் பெய்கிறது. சென்னைக்கு ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் பக்கம் என்றால் சியாட்டிலுக்கு 1,000க்குள். ஆனால் சென்னை மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே அக்டோபரில் பிடித்தால் ஏப்ரல் வரை விட்டு விட்டுத் தூறிக்கொண்டே இருக்கும். ஆண்டில் 150 நாளாவது நனைகிறது. படகுக்கு இந்தத் தூறல்தான் கெடுதல். ஒரு போல்ட்டுக்கு அடியில் நூலளவு இடைவெளி இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போக நேரம் கிடைக்கிறது, போனது காய நேரம் கிடைப்பதில்லை.

நான் தூத்துக்குடியில் தோணிகளைப் பார்த்து வளர்ந்தவன். மரத் தோணிக்குக் கசிவு என்றால் அது கீழிருந்து வரும், பலகை இடுக்கில் பஞ்சை அடித்து ஏற்றுவார்கள். ஃபைபர்கிளாஸ் படகுக்கு நேர்மாறு. அடிப்பாகம் ஒரே வார்ப்பு, அங்கே பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தண்ணீர் மேலிருந்து வருகிறது. கைப்பிடிக் கம்பி, வேலிக் கம்பம், கயிறு கட்டும் கிளீட், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் டெக்கில், அதாவது மேல்தளத்தில், இறங்கும் இடம் என்று டெக்கில் போல்ட் போட்ட ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். நாற்பது வருடத்தில் அந்தத் துளைகளில் இருந்த பழைய சீலன்ட் (கசிவை அடைக்கும் பூச்சு) காய்ந்து சுருங்கிப்போயிருக்கும்.

இதில் கூரை ஒழுகுவது மட்டும் பிரச்சினை என்றால் பரவாயில்லை, ஒரு வாளியை வைத்துவிடலாம். டெக் என்பது இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடு, நடுவில் மரம். சில படகுகளில் பால்ஸா, என் படகில் ப்ளைவுட். துளை வழியாக இறங்கும் தண்ணீர் முதலில் அந்த மரத்தைத்தான் நனைக்கிறது. மரம் வருடக்கணக்கில் ஊறி அழுகினால் டெக் காலுக்கடியில் அமுங்க ஆரம்பிக்கும். அந்த நிலைக்குப் போய்விட்டால் மேல்தகட்டை அறுத்தெடுத்து மரத்தை மாற்ற வேண்டும், அதற்கு ஆகும் செலவு படகின் விலையைத் தாண்டும். பழைய படகு பார்க்கப் போகிறவர்கள் ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் டெக் முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென்று கேட்கும். அழுகிய இடம் மந்தமாக ‘தொப்’ என்னும். என் படகில் இரண்டு கம்பங்களின் அடியில் மட்டும் கையகலத்துக்கு அப்படிக் கேட்டது. அந்த அளவுக்குச் சமாளிக்கலாம் என்று வாங்கினேன்.

முன்பு வைத்திருந்தவர் எல்லா இடத்திலும் மேலே சிலிக்கான் பூசியிருந்தார். பழைய படகு வாங்குகிற எல்லோரும் இதைத்தான் பார்ப்பீர்கள். பார்க்க அடைத்த மாதிரி இருக்கும், உண்மையில் அடைக்காது. தண்ணீர் நுழையும் வழி போல்ட்டின் தண்டைச் சுற்றி, கம்பம் நிற்கும் அடித்தகட்டுக்குக் கீழே இருக்கிறது. ஓரத்தில் பூசுவது ஒரு மாதம் தாங்கும், பிறகு எங்கோ ஒரு முனை விடும், உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் வழியில்லாமல் அங்கேயே நிற்கும். சிலிக்கானின் இன்னொரு கெட்ட குணம், சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். அதன்மேல் வேறு எந்த சீலன்ட்டும் சரியாகப் பிடிக்காது, பெயின்ட் கூட ஒட்டாது. பிளேடு, மணல் தாள், பிறகு மினரல் ஸ்பிரிட்ஸ் என்ற கரைப்பான் என்று ஒவ்வொரு இடத்திலும் தேய்த்து எடுத்தேன். இந்த வேலை முழுவதிலும் அதிக நேரம் தின்றது இதுதான்.

எந்தத் துளை ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது தனிக்கலை. கேட்டலீனாவில் கேபின் கூரைக்கு உட்பக்கம் இன்னொரு ஃபைபர்கிளாஸ் ஓடு இருக்கிறது. தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் ஓடி, நுழைந்த இடத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளி எங்கோ சொட்டும். சொட்டும் இடத்துக்கு மேலே தேடினால் ஒன்றும் கிடைக்காது. தோட்டக் குழாயை வைத்துக் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துப் பார்ப்பது ஒரு வழி. அதைவிட எனக்குப் பிடித்தது இலை ஊதும் இயந்திரம். கேபின் வாசலை அட்டையால் மூடி, மேலே தூக்கக்கூடிய கூரைப் பகுதியான பாப்-டாப்பின் விளிம்பு, காற்றுத் துவாரம் எல்லாவற்றிலும் நீல நிற பெயின்டர் டேப் ஒட்டி, அட்டையில் ஒரு ஓட்டை போட்டு புளோயரை உள்ளே ஊதவிட வேண்டும். வேகத்தைக் குறைவாகவே வையுங்கள். காற்று உள்ளே அழுத்தமாக நிற்கும்போது மேலே டெக்கில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும்.

ஸ்ப்ரே பாட்டிலோடு டெக்கில் மண்டி போட்டிருந்த என் மகள்தான் முதலில் பார்த்தாள். “அப்பா, இங்க வாங்களேன், இந்தக் கைப்பிடிக்கு அடியில நுரை நுரையா வருது!” கேபின் கூரை மேலிருந்த தேக்குக் கைப்பிடியில், ஒவ்வொரு காலுக்கு அடியிலும் குமிழி வந்தது. நாங்கள் அதுவரை சந்தேகமே படாத இடம் அது. ஜன்னல் ஓரத்தில் ஓரிடம், வேலிக் கம்பங்களில் முக்கால்வாசி, முன்பக்க கிளீட். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டாள். இனி எதைக் கழற்ற வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை.

இப்போது டேப் விஷயத்துக்கு வருகிறேன். பியூட்டைல் என்பது காயாத ஒரு ரப்பர். பிசைந்த பரோட்டா மாவு போல இழுத்தால் அறுபடாமல் நீண்டுகொண்டே போகும். இறுகிப்போகாது என்பதுதான் அதன் பலம். கம்பத்தைப் பிடித்து யாராவது ஏறும்போது அதன் அடித்தகடு கொஞ்சம் அசையும். இறுகிய சீலன்ட் அந்த அசைவில் ஒரு பக்கம் பிய்ந்துவிடும். பியூட்டைல் கூடவே நீண்டு கூடவே சுருங்கும். பத்து வருடம் கழித்துக் கழற்ற வேண்டும் என்றாலும் டெக்கை உடைக்காமல் கழற்றலாம்.

ஆனால் டேப்பை மட்டும் ஒட்டிவிட்டால் போதாது. நான் செய்த விதத்தைச் சொல்கிறேன். போல்ட்டைக் கழற்றியதும் துளைக்குள் நடுமரம் கறுப்பாக, ஈரமாக இருந்தது. ஒரு ஆலன் சாவியை டிரில்லில் மாட்டி, அதன் வளைந்த முனையால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் இருக்கும் மரத்தைச் சுற்றிலும் அரை அங்குலம் குடைந்து எடுத்தேன். கெட்ட மரம் தூளாக வெளியே வந்தது. ஹீட்டர் வைத்து நன்றாகக் காயவிட்ட பிறகு, அடியில் சாதாரண டேப் ஒட்டித் துளையை எபாக்ஸியால் (இரண்டு பாகம் கலந்தால் கல்லாக இறுகும் பசை) நிரப்பினேன். வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினும் 205 ஹார்டனரும் ஐந்துக்கு ஒன்று விகிதம். கெட்டியாக்க 406 பொடி. இறுகிய பிறகு அதே இடத்தில் போல்ட் அளவுக்குப் புதுத் துளை. இனி அந்தத் துளையில் கசிவு வந்தாலும் தண்ணீர் தொடுவது எபாக்ஸியைத்தான், மரத்தை அல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள்.

அப்புறம் துளையின் மேல்விளிம்பைக் கவுன்டர்சிங்க் பிட்டால் சரிவாகச் சீவ வேண்டும். போல்ட் தலைக்கு அடியில் டேப்பைச் சுற்றி ஒரு கூம்பு மாதிரி உருட்டி வைத்தால், இறுக்கும்போது பியூட்டைல் அந்தச் சரிவுக்குள் நெரிந்து இறங்கித் தண்டைச் சுற்றி ஒரு வளையமாகப் பிடித்துக்கொள்ளும். கம்பத்தின் அடித்தகட்டுக்குக் கீழேயும் டேப் ஒரு சுற்று. டெக்குக்கு அடியில் சின்ன வாஷருக்குப் பதிலாக அலுமினியத் தகடு வைத்தேன், பாரம் பரவட்டும் என்று.

இறுக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே போல்ட் தலை சுற்றக்கூடாது, சுற்றினால் அந்த வளையம் பிய்ந்துவிடும். கீழே நட்டை மட்டும்தான் திருப்ப வேண்டும். மேலே என் மனைவி ஸ்க்ரூடிரைவரோடு, கீழே நான் படுக்கைக்கு அடியில் தலையை நுழைத்து ஸ்பானரோடு. “சுத்தவிடாமப் பிடிச்சுக்கோ” என்று நான் கீழிருந்து கத்த, “பிடிச்சாச்சு, நீங்க திருப்புங்க” என்று மேலிருந்து பதில். ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும். எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவிட்டு மறுநாள் கால் சுற்று, அடுத்த வாரம் இன்னொரு கால் சுற்று. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் பிதுங்கி வருவதை பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி எடுத்துவிடலாம். மிச்சம் ஒட்டியிருப்பதை அதே பியூட்டைல் உருண்டையால் ஒற்றினால் வந்துவிடும், கரைப்பானே தேவையில்லை. குளிர் நாளில் டேப் விறைத்துப்போகும். அப்போது தகட்டை ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. கோடையில் வெயில் நேரடியாகப் படும் ஓரங்களில் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கிக்கொண்டிருக்கிறது, தூசியும் ஒட்டுகிறது. வெள்ளை டெக்கில் அது கண்ணில் படும். பெட்ரோல், டீசல் பட்டால் பியூட்டைல் இளகிவிடும், அதனால் எரிபொருள் மூடி பக்கம் வேண்டாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே எங்கும் வேண்டாம். பியூட்டைல் என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்று அல்ல என்பதையும் கவனியுங்கள். எங்கள் வரிசையில் பக்கத்துப் படகுக்காரர் ஆர்வி வண்டிக் (வீடு போன்ற பயண வண்டி) கூரைக்கு என்று விற்கும் மலிவான ரோலைப் போட்டிருந்தார். இழுத்தால் நீளாமல் துண்டு துண்டாகப் பொட்டெனப் பிய்ந்தது. வாங்கியதும் ஒரு விரல் நீளம் கிள்ளி இழுத்துப் பாருங்கள். நூலாக நீண்டால் சரி.

மற்ற சீலன்ட்டுகளையும் சொல்லிவிடுகிறேன், கடையில் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்தால் தலை சுற்றும். த்ரீஎம் 5200 என்பது சீலன்ட் என்பதைவிடப் பசை. ஒட்டினால் ஒட்டியதுதான், பிறகு கழற்றும்போது டெக்கின் மேல்பூச்சும் கூடவே வரும். வாழ்நாள் முழுக்கக் கழற்றப் போவதில்லை என்ற இடத்துக்கு மட்டும். பாலிசல்பைடு வகை தேக்கு மரத்துக்கு அருமை, ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கை அரித்துவிடும். ஜன்னலில் தப்பித் தவறியும் போடக்கூடாது.

ஜன்னலுக்கு நான் பியூட்டைல் போடவில்லை. அக்ரிலிக் பலகை வெயிலில் ஃபைபர்கிளாஸைவிட அதிகமாக விரியும், குளிரில் அதிகமாகச் சுருங்கும். அதோடு கூடவே நீளவும் வேண்டும், பலகையை இறுகப் பிடிக்கவும் வேண்டும் என்றால் கட்டடங்களில் கண்ணாடி பதிக்கும் சிலிக்கான் நல்லது, டௌ 795 போல. மொத்தப் படகிலும் சிலிக்கானுக்கு நான் இடம் கொடுத்தது இங்கே மட்டும்தான். மாஸ்கிங் டேப் ஒட்டிச் சுத்தமாகப் போட வேண்டும், ஒரு சொட்டு கூட டெக்கில் சிந்தக்கூடாது. பழைய பலகைகள் மெல்லிய வெடிப்போடு மங்கிப்போயிருந்ததால் புது அக்ரிலிக் வெட்டி வாங்கினேன். பாலிகார்பனேட் அடிபட்டாலும் உடையாதுதான், ஆனால் வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகும், கீறலும் விழும். ஏரியிலும் உள்கடலிலும் போகிற என் மாதிரி ஆட்களுக்கு அக்ரிலிக்கே போதும்.

இன்னொரு சின்ன பாட்டிலைப் பாராட்டியே ஆக வேண்டும். கேப்டன் டோலிஸ் கிரீப்பிங் கிராக் க்யூர். பால் நிறத்தில் தண்ணீராக இருக்கும். மயிரிழை வெடிப்பின் மேல் ஒரு சொட்டு விட்டால் தானாக உள்ளே உறிஞ்சப்பட்டு, காய்ந்து வெடிப்பை அடைத்துவிடும். அரை மணிக்கொரு முறை, இனி உறிஞ்சாது என்கிற வரை விட வேண்டும். முன்பக்க ஹேட்ச் (டெக்கில் உள்ள திறப்பு மூடி) சட்டத்தின் மூலையில் கழற்ற முடியாத ஒரு வெடிப்பு இருந்தது, அங்கே வேலை செய்தது. ஆனால் கழற்றி மாட்ட வேண்டிய போல்ட்டுக்கு இதை விட்டுத் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற அகலமான இடைவெளிக்கு இது பயன்படாது.

பொருட்களை சியாட்டிலின் ஃபிஷரீஸ் சப்ளை கடையில் வாங்கினேன். லேக் யூனியன் ஏரியின் வடகரையில் இருக்கிறது, 1928இல் தொடங்கிய கடை. மீன்பிடிக் கப்பல்காரர்களும் என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைப் படகுக்காரர்களும் ஒரே கவுன்டரில் நிற்பார்கள். பழைய போல்ட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவது சுலபம். விலை எல்லாவற்றிலும் குறைவு என்று சொல்ல மாட்டேன். டேப், எபாக்ஸி தவிர ஸ்பிரே பாட்டில், கரைப்பான், கையுறை மாதிரி சாதாரணச் சாமான்களைத் தெருவோர ஹார்டுவேர் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். போல்ட், நட், வாஷர் மட்டும் 316 தர ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள், அதில் சிக்கனம் வேண்டாம்.

கசிவெல்லாம் அடைத்த பிறகும் காலையில் மெத்தையின் அடி ஈரமாக இருந்தால் பயந்துவிடாதீர்கள். அது மழை அல்ல, மூச்சு. மூன்று பேர் ஒரு சின்ன கேபினில் தூங்கும்போது விடும் ஈரக்காற்று, குளிர்ந்த ஃபைபர்கிளாஸில் பட்டுத் தண்ணீராகிறது. மழையே பெய்யாத இரவிலும் ஈரம் இருந்தால் இதுதான் காரணம். மெத்தைக்கு அடியில் ஹைப்பர்வென்ட் என்ற காற்றோட்ட விரிப்பைப் போட்டோம். பின்னிய பிளாஸ்டிக் இழையும் துணியும் சேர்ந்தது, மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் காற்று போக இடம் விடும். பூஞ்சை நின்றுவிட்டது. கூரையில் சூரிய ஒளியில் ஓடும் ஒரு சின்ன விசிறி. அதற்கும் டெக்கில் துளை போட வேண்டும்தான், அதையும் எபாக்ஸி, பியூட்டைல் முறையிலேயே செய்தேன்.

உள்ளே மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விளக்கெல்லாம் எல்இடி, ஒரே பேட்டரியில் வாரக்கடைசி முழுக்க ஓடுகிறது. அடுப்பு பழைய ஒரிகோ, அழுத்தம் இல்லாத ஆல்கஹால் அடுப்பு. இப்போது தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், பழையது கிடைத்தால் விடாதீர்கள். காஸ் சிலிண்டர் மாதிரி கசிந்து படகின் அடியில் தேங்கும் பயம் இல்லை. அதில் உப்புமாவும் காபியும் தாராளமாகச் செய்யலாம், ஆனால் எந்த அடுப்பு என்றாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் கேபினுக்குள் பற்றவைக்காதீர்கள். நங்கூரம் வாங்கும்போது சங்கிலிக்கும் கயிற்றுக்கும் சேர்த்துப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். சியாட்டிலை ஒட்டிய உள்கடலான பியூஜெட் சவுண்டில் கடல் ஓதம் பத்து அடிக்கு மேல் ஏறி இறங்கும், கயிறு நீளம் குறைந்தால் நல்ல நங்கூரமும் பிடிக்காது. புது மெத்தை உறை, பெயின்ட், திரைச்சீலை எல்லாம் கடைசி. நனைகிற கேபினுக்குள் புதுத் துணி போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

போன மழைக்காலம் முடிந்து மார்ச்சில் போய்ப் பார்த்தபோது படுக்கைக்கு அடியில் தூசிதான் இருந்தது. கம்பங்கள், கிளீட், தேக்குக் கைப்பிடி எதிலும் ஈரம் இல்லை. இதற்காக பியூட்டைல் டேப்புக்கு ஐந்துக்கு ஐந்தே கொடுப்பேன். ஜன்னல் சிலிக்கானுக்கு நான்கு, காரணம் போடுவதில் உள்ள சிரமம். டோலிஸ் பாட்டிலுக்கும் நான்கு.

இன்னும் ஓரிடம் பாக்கி இருக்கிறது. காற்றில் படகு நன்றாகச் சாய்ந்து ஓடும்போது மட்டும், வலது பக்க அலமாரிக்குள் ஒரு கை தண்ணீர் வருகிறது. மழையில் வருவதில்லை. டெக்கும் அடிப்பாகமும் சேரும் விளிம்பில், ரப்பர் பட்டைக்குப் பின்னால் எங்கோ வழி இருக்கிறது. நீளமான இணைப்பு, அலை அடிக்கும் இடம் என்பதால் அங்கே த்ரீஎம் 4200 போடலாம் என்றிருக்கிறேன். பிடிப்பும் உண்டு, தேவைப்பட்டால் கழற்றவும் முடியும். ஆகஸ்டில் பத்து நாள் மழை இல்லாமல் காயும்போது ரப்பர் பட்டையைக் கழற்ற வேண்டும். கேட்டலீனா 22இல் இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால், பழைய பட்டையையே திரும்ப மாட்ட முடிந்ததா, புதிதாக வாங்க வேண்டியிருந்ததா என்று சொல்லுங்கள்.